கூடை இன்னும் தோற்கவில்லை

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, கூடை உண்டு. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கூடை. கீழே ரொட்டிக்காரர் குரல் கொடுத்தால் கூடை இறங்கும், ரொட்டி ஏறும். கெய்ரோவின் ஷுப்ராவில் மாடி வீட்டில் இருக்கிற எவளும் வெங்காயத்துக்காகப் படி இறங்கியதில்லை.

ஐந்தாம் மாடிக் கூடை, நாலாம் மாடியில் இருக்கும் என் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டுதான் போகும். அதனால் அங்கே இன்று என்ன சமையல் என்பது அடுப்பு மூட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அங்கே என்ன பேசுகிறார்கள் என்பதும் தெரியும். அது என் குற்றமில்லை. ஸொப்ஹியும் அவர் மனைவி இன்ஷிராஹும் மெதுவாகப் பேசிப் பழகாதவர்கள்.

ஸொப்ஹி புதுப் பொருள்களைக் கண்டுபிடித்து அவற்றுக்கு உருவம் கொடுக்கிறவர். அரசாங்க வீட்டுப்பொருள் ஆலையில் இளமை முழுக்க அதுதான் வேலை. சொட்டாத கரண்டி, கை சுடாத கெட்டில் பிடி, தலையாட்டும்போது முனகாத மேசை விசிறி. அவர் வரைந்த பொருள் ஒன்றாவது இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. அவர் பெயர் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அங்கேயும் அவரை "ஏ மனுஷா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி கொடுத்தால் தலைகீழாகத் திருப்பிக் காலைப் பார்ப்பார். விரல்கள் எதையாவது திருகிக்கொண்டே இருக்கும். மூன்றாம் மாடித் துக்க வீட்டுக்குப் போனவர், ஆறுதல் சொல்லிக்கொண்டே அவர்கள் கதவின் கிறீச்சிடலைச் சரிசெய்துவிட்டு வந்தார். ஆறுதல் மறந்துபோயிற்று, கதவு இன்றுவரை சத்தம் போடவில்லை.

ஆலையை மூடிய வருஷத்தில் இன்ஷிராஹ் படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு அவள் தெருவுக்கு இறங்கவில்லை. தெருதான் அவளிடம் ஏறி வந்தது, கூடையில். ஆனால் கனமான கூடையை இழுக்க இழுக்கக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஒரு நாள் கயிறு நழுவி, ஒரு ஜாடி ஊறுகாய் போக்குவரத்துப் போலீஸ்காரரின் காலடியில் விழுந்து வெடித்தது. அவரைச் சமாதானப்படுத்த இன்னொரு ஜாடி கொடுக்க வேண்டியிருந்தது. அதை யாரும் கூடையில் அனுப்பத் துணியவில்லை.

அன்றிலிருந்து மேல்மாடியில் இரவும் பகலும் நடக்கிற காலடிச் சத்தம். பிறகு ஒரு நாள் அந்தப் புதுக் கூடை வந்தது. பால்கனிக் கம்பியில் ஒரு கப்பி, அதற்குள் ஒரு பல்சக்கரம். கயிற்றை விட்டால் கூடை விழாது, நின்ற இடத்தில் நிற்கும். ஒரு விரலால் இழுத்தால் ஏறும். கூடையோ ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்களில் தொங்கியது. எங்கே முட்டினாலும் சாயாது. உள்வளையத்தை ஒரு சின்னக் கடையாணி பிடித்திருந்தது.

முதல் நாள் இன்ஷிராஹ் ஒரு கிண்ணம் நிறைய முலுகிய்யாக் கீரை சூப்பை அதில் வைத்து என் ஜன்னலுக்கு இறக்கினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"குடிச்சுப் பாருடி! உப்பு குறைவா இருந்தா சொல்லாதே!" என்று மேலிருந்து கத்தினாள்.

உப்பு குறைவாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "ஆணையத்தோட முத்திரை மட்டும் வாங்கிட்டு வாங்க, உஸ்தாத். கெய்ரோ பூரா இந்தக் கூடையைத் தொங்கவிடறேன். உங்க பேரோட," என்றார். அந்த 'உங்க பேரோட'தான் ஸொப்ஹியைக் கெடுத்தது. வாழ்நாள் முழுக்க அவர் செய்த எதன்மேலும் அவர் பெயர் இருந்ததில்லை.

"இதைக் கழட்டிட்டுப் போனா நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் இன்ஷிராஹ்.

"ஒரே வாரம்."

"ஆலையை மூடினப்பவும் ஒரு வாரம்னுதான் சொன்னாங்க. ஏ மனுஷா, இன்னொண்ணு செஞ்சு வச்சுட்டுப் போயேன்."

"அந்தப் பல்சக்கரம் ஆலை லேத்துல கடைசி நாள் வேற எதுக்கோ செஞ்சு வச்சது. ஆலையும் இல்ல, லேத்தும் இல்ல. எங்கே போய்ச் செய்வேன்?"

கப்பி, கயிறு, கூடை எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு அவர் போனார்.

புத்தாக்க நலன் பேணும் உயர் ஆணையம் நகர நடுவில் ஓர் ஆறாம் மாடியில் இருந்தது. அங்கே நடந்ததை அவர் ராத்திரிகளில் அவளிடம் சொல்வது என் ஜன்னலுக்கும் கேட்கும். வெளிச்சுவரில் பெரிய பதாகை: 'இங்கே எண்ணங்கள் உயர்கின்றன.' லிஃப்ட் கதவில் சின்ன அட்டை: 'மேம்பாட்டில் உள்ளது.' அட்டை மஞ்சளாகிப் போயிருந்தது. ஸொப்ஹி தன் எண்ணத்தைத் தோளில் சுமந்துகொண்டு படியேறினார்.

வரவேற்பில் மேடம் ஸொஹேர். தலை நிமிராமல் கேட்டார்.

"பெயர்?"

சொன்னார்.

"தொழில்?"

"முஸம்மிம்."

பேனா நின்றது. எங்கள் அரபியில் முஸம்மிம் என்றால் வடிவமைக்கிறவர். பிடித்த பிடியை விடாத பிடிவாதக்காரனும் அதே முஸம்மிம்தான். எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேடம் ஸொஹேருக்கு முகத்தைப் பார்க்கிற வழக்கமில்லை.

"பிடிவாதமா இருங்க, யார் வேண்டாம்னா? நான் கேட்டது தொழில்."

"அதான் மேடம், முஸம்மிம்."

"நானும்தான் பிடிவாதக்காரி. தொழிலைக் கேக்காம விடமாட்டேன்."

"மேடம், நான் முஸம்மிம்! முஸம்மிம்!"

"கத்தாதீங்க. எழுதிட்டேன்."

தொழில் என்ற இடத்தில் 'முஸம்மிம்' என்று எழுதினார். குழப்பம் வரக்கூடாதே என்று பக்கத்தில் 'சத்தமாக' என்றும் சேர்த்தார்.

அவ்வளவுதான். அவருடைய கோப்பு வடிவமைப்புப் பிரிவுக்குப் போகவில்லை. வற்புறுத்துவோர் பிரிவுக்குப் போயிற்று. அங்கே உஸ்தாத் லம்ஈ என்ற மெலிந்த மனிதர் இருந்தார். வற்புறுத்துகிறவர்களுக்குச் சோம்புக் கஷாயம் கொடுத்து அமைதிப்படுத்துவது அவர் பணி. வருகிற எல்லாரும் அவருக்குப் 'பாஷா'தான்.

"குடிங்க பாஷா. நெஞ்சுக்கு நல்லது. எதை வற்புறுத்துறீங்க?"

"நான் எதையும் வற்புறுத்தல. கூடையைக் கொண்டாந்திருக்கேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. இன்னொரு டம்ளர் குடிங்க."

"உஸ்தாத், நான் முஸம்மிம். ஆலையில முப்பது வருஷம் முஸம்மிமா இருந்தவன்."

லம்ஈ பரிவோடு தலையாட்டினார். "முப்பது வருஷமாவா? அடப்பாவமே. அதான் ஆலையை மூடிட்டாங்க."

கூடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால், நாளைக்கு வரச் சொன்னார்கள். எங்கள் ஊரில் நாளை என்பது ஒரு நாளல்ல, ஒரு மரியாதை. அதை அவமதிக்கக் கூடாது என்று ஸொப்ஹி மறுநாளும் போனார்.

காத்திருப்போர் பெஞ்சு ஆடியது. அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆடினார்கள். ஸொப்ஹி உட்காரவில்லை. குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். பெஞ்சு நின்றது.

அடுத்த முறை போனபோது அவருக்காக மூன்று பேர் அடங்கிய விசாரணைக்குழு காத்திருந்தது. குழுவின் தலைவர் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், வசதியாக.

"சொத்துப் பதிவேட்டுல என்ன இருக்கு? 'ஆடும் பெஞ்சு, ஒன்று.' இப்ப இங்கே இருக்கிறது ஆடாத பெஞ்சு. அப்ப ஆடும் பெஞ்சு எங்கே போச்சு?"

"இதுதான் அது. சரி பண்ணிட்டேன்."

"யாரைக் கேட்டு? நாளைக்கு ஒருத்தர் வந்து சுவரைச் சரி பண்ணுவார், இன்னொருத்தர் எங்களைச் சரி பண்ணுவார். நிறுவனம் என்னத்துக்கு ஆகும்? பழையபடி ஆட வைங்க."

ஸொப்ஹி மண்டியிட்டார். ஒரு திருகைத் தளர்த்தினார். அதன் கனத்தை இன்னொரு கால் வாங்கிக்கொண்டது. அதையும் தளர்த்தினார். பெஞ்சு முன்னிலும் உறுதியாக நின்றது. அவருக்கு வியர்த்துப் போனது. கெட்ட வேலை செய்ய அந்தக் கைக்கு வரவில்லை.

கடைசியில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. ஆடும் பெஞ்சு காணாமல் போனது என்றும், கணக்கில் வராத நல்ல பெஞ்சு ஒன்று கண்டெடுக்கப்பட்டது என்றும் எழுதினார்கள். நல்ல பெஞ்சைப் பூட்டிய அறையில் வைத்தார்கள். ஸொப்ஹியின் கோப்பில், 'விரல்கள் சும்மா இருப்பதில்லை' என்று ஒரு குறிப்பு ஏறியது.

குளிர் போய்க் கம்சீன் புழுதிக்காற்றும் வந்துவிட்டது. இன்ஷிராஹ் பழைய கூடையைக் கையில் துணி சுற்றிக்கொண்டு இழுத்தாள். பிறகு துணியில் இரத்தம் தெரிந்தது. பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டாள். ரொட்டிக்காரர் கீழே நின்று, "அக்கா! இன்ஷிராஹ் அக்கா!" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவார். என் ஜன்னலைக் கடந்து எதுவும் போகவில்லை. அந்த வீட்டில் என்ன சமையல் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. ஸொப்ஹி ஆணையத்திலிருந்து திரும்பும் வழியில் எதை வாங்கி வருகிறாரோ அதுதான் சமையல். அவர் பெரும்பாலும் மறந்துவிட்டு வருவார்.

"உன் முத்திரை எனக்கு வேண்டாம். உன் பேரும் வேண்டாம். என் கூடையைக் கொண்டா." அன்று அவள் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள். அதனால்தான் எனக்கு நன்றாகக் கேட்டது.

மறுநாள் ஸொப்ஹி ஆணையத் தலைவர் டாக்டர் மம்தூஹின் அறைக்குள் நேராக நுழைந்தார். தலைவர் பெரிய மேசைக்குப் பின்னால், தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"என் கூடை எங்கே?"

"சோதனையில இருக்கு," என்றார் தலைவர் பெருமையோடு. "இங்கே வந்த பொருள்களிலேயே இவ்வளவு நீண்ட சோதனையைக் கண்டது உங்க கூடைதான். சோதனைன்னா என்ன? பொருள் தோற்கிற வரைக்கும் பாக்கிறது. உங்க கூடை இன்னும் தோற்கல. நாங்க என்ன செய்ய?"

"தோற்கலன்னா, ஜெயிச்சதுன்னு எழுதிடுங்க."

"அவசரப்படாதீங்க. நாளைக்குத் தோத்துட்டா? ஆணையத்தோட மானம் என்ன ஆகும்? இது ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க ஒரு தப்பான சான்றிதழ் கொடுத்ததில்ல, தெரியுமா?"

"சரியான சான்றிதழ் எத்தனை கொடுத்தீங்க?"

"சான்றிதழே கொடுத்ததில்ல, பாஷா. அதனாலதான் தப்பு வரல."

"சரி. எனக்குச் சான்றிதழ் வேண்டாம். கூடையைக் கொடுங்க."

தலைவரின் முகம் சுருங்கியது. "சோதனையை நடுவுல நிறுத்தவா? அது அறிவியலுக்கு அவமரியாதை. தோத்தாத்தான் தர முடியும். தோத்த பொருளை ஒரு நிமிஷம்கூட வளாகத்துல வச்சிருக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க. கண்டுபிடிப்பாளர் தினத்துல உங்களைக் கௌரவிக்கப் போறோம்."

கௌரவித்தார்கள். அதே ஆறாம் மாடி அரங்கத்தில் பூச்சரம், கொடி, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. 'இடைவிடாது வருகை தரும் குடிமகன்' என்ற பிரிவில் ஸொப்ஹிக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அவர் வாங்கியதும் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் திருகு தளர்ந்திருந்தது.

டாக்டர் மம்தூஹ் பேசினார்: "வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிக்கிறான், உடனே செஞ்சு விக்கிறான். அந்த அவசரம் நமக்கு எதுக்கு? நாம கண்டுபிடிப்பைக் குழந்தை மாதிரி மடியில வச்சுக் காக்கிறோம். தெருவுக்கு விடமாட்டோம். தெருவுக்குப் போன குழந்தை கெட்டுப்போகும். போன வருஷம் ஆறு கண்டுபிடிப்புகள் வந்தன. ஆறும் பத்திரமா இருக்கு. ஒண்ணைக்கூட யாரும் பயன்படுத்தலைன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன்!"

கைதட்டினார்கள். சிற்றுண்டி வந்தது. ஸொப்ஹி தட்டில் இருந்த, எண்ணெயில் பொரித்த தாமிய்யா உருண்டை ஒன்றைத் தொட்டார். விரல் சுட்டது.

ஆறு மாடி. லிஃப்ட் இல்லை. தாமிய்யா சுடுகிறது. பரிமாறுகிறவர்கள் யாரும் மூச்சு வாங்கவில்லை. ஊறுகாய்க் கிண்ணத்தில் தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது.

அவர் கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசனையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிவரை நடந்தார். பின்பக்கப் பால்கனியில் ஊழியர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பால்கனிக் கம்பியில் அவருடைய கப்பி. மேடம் ஸொஹேர் ஒரே விரலால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கூடை மேலே வந்தது, தளும்பாமல். அதில் தெருமுனை வண்டிக்காரரின் மொச்சைக்குழம்பும் ரொட்டியும்.

"வரிசையில நில்லுங்க. இன்னிக்குச் சோதிக்கிற முறை கணக்குப் பிரிவுக்கு," என்றார் மேடம் ஸொஹேர், நிமிராமல்.

"இது என் கூடை."

"அட, நீங்களா!" உஸ்தாத் லம்ஈ வரிசையிலிருந்தே கையை உயர்த்தினார். வாய் நிறைய ரொட்டி. "கை நல்லா இருக்கட்டும் பாஷா! இது வந்ததுலேர்ந்து எனக்கு இரைப்பை வலி போயிடுச்சு. தினம் சூடா சாப்பிடறேன்."

"என் பெண்டாட்டி அஞ்சாம் மாடியில உட்கார்ந்திருக்கா, உஸ்தாத். கால் வராது. கையும் போச்சு."

வரிசையில் சிலர் ரொட்டியைக் கீழே இறக்கினார்கள். எல்லாருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

"ஆண்டவன் சுகம் கொடுக்கட்டும்," என்றார் லம்ஈ. "கூடை தோத்துட்டா முதல் ஆளா நானே தூக்கிட்டு வந்து கொடுப்பேன். ஆனா தோற்கமாட்டேங்குதே! என்ன பண்ணித் தொலைச்சீங்க அதுக்குள்ள?"

கணக்குப் பிரிவு தன் குழம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தது. வெறும் கூடை கம்பியோரம் தொங்கியது. அடுத்து இறங்கப்போவது தலைவரின் சாப்பாட்டுக்காக.

ஸொப்ஹி கம்பியில் சாய்ந்தார். பட்டறைக்காரர் சொன்ன 'உங்க பேரோட' இன்னும் காதில் இருந்தது. முப்பது வருஷத்தில் அவர் கையால் செய்த எதுவும் கவிழ்ந்ததில்லை. ஒரு பெஞ்சைக்கூட அவரால் ஆட வைக்க முடியவில்லை. துணி சுற்றிய அந்தக் கைகளை நினைத்துக்கொண்டார். அவர் விரல்கள் சும்மா இருப்பதில்லை என்பது ஏற்கெனவே கோப்பில் உள்ள விஷயம். உள்வளையத்தின் கடையாணி அவர் சட்டைப்பைக்குள் போயிற்று.

வெறும் கூடை அது இல்லாமலும் நேராகவே தொங்கும். கனம் ஏறி, எங்காவது ஒரு விளிம்பில் முட்டினால்தான் சங்கதி. அது அவருக்குத் தெரியும், அவர்தானே வரைந்தவர்.

கூடை இறங்கியது. கீழே வண்டிக்காரர் பெரிய கிண்ணம் நிறைய மொச்சைக்குழம்பு, அதன்மேல் எண்ணெய், எலுமிச்சை, தலைவருக்குப் பிடித்த மிளகாய் எல்லாம் வைத்தார். ஸொப்ஹி எட்டிப் பார்த்தார். வண்டிக்காரர் தள்ளிப் போய்விட்டார், கீழே வேறு ஆளில்லை. தலைவரின் கறுப்புக் காரும், அதன்மேல் படுத்திருந்த ஒரு பூனையும்தான். "ச்சூ!" என்று விரட்டினார். பூனை அவரை ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று.

"யாரை விரட்டறீங்க?" என்றார் மேடம் ஸொஹேர், கயிற்றை இழுத்தபடி.

"யாரையும் இல்ல. இழுங்க."

மூன்றாம் மாடி விளிம்பில் கூடை முட்டியது.

சத்தம் அரங்கம்வரை கேட்டது. சிற்றுண்டித் தட்டை வைத்துவிட்டு டாக்டர் மம்தூஹே ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார். 'இங்கே எண்ணங்கள் உயர்கின்றன' என்ற பதாகை இந்தப் பக்கமும் உண்டு. அதில் மொச்சைக்குழம்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் முழுக்கக் காரின்மேல்.

"என் கார்!" என்றார் முதலில். பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப... தோத்துடுச்சா?"

"தோத்துடுச்சு," என்றார் ஸொப்ஹி. கை சட்டைப்பையை மூடிக்கொண்டது.

தலைவர் ஒலிபெருக்கியை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். "அன்பர்களே! இந்த ஆணையத்தின் வரலாற்றிலேயே முதல்முறையா ஒரு சோதனை முடிஞ்சிருக்கு! முடிவு வந்திருக்கு! எங்களைச் சோம்பேறிகள்னு சொன்னவங்க இப்ப வந்து பாக்கட்டும்!" எல்லாரும் கைதட்டினார்கள். லம்ஈ மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப நாளைக்குச் சாப்பாடு?" என்று கேட்டார்.

தோற்ற பொருளை ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கக் கூடாது. அதனால் அந்த ஆணையத்தில் முதல் தடவையாக ஒரு வேலை உடனே நடந்தது. கப்பியைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். வெளியேறும் தாளை மேடம் ஸொஹேர் நிரப்பினார்.

"தொழில்? அதேதானே?"

ஸொப்ஹி கப்பியைத் துணியில் முடிந்தார்.

"அதேதான், மேடம்."

"சத்தமாகவா?"

"இல்ல. இப்ப மெதுவா."

மேடம் ஸொஹேர் முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். எழுதினார்.

அன்று சாயங்காலம் மேலே திருப்புளிச் சத்தம் கேட்டது. "எங்கே, விடு பாக்கலாம்," என்றார் அவர். "விட்டுட்டேன்," என்றாள் அவள். எதுவும் விழவில்லை. மேலே நடக்கிற காலடிச் சத்தமும் இல்லை. அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

சில நாள் கழித்துத் தபால்காரர் கீழே நின்று குரல் கொடுத்தார். இன்ஷிராஹ் கூடையை இறக்கினாள். அதே நேரம் காய்கறி வண்டியும் வந்ததால் தக்காளி, கத்திரிக்காய், முலுகிய்யாக் கட்டு எல்லாவற்றையும் போடச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலே கடிதம். கூடை ஏறி வந்து என் ஜன்னலில் நின்றது. கயிற்றை விட்டிருக்கிறாள்.

"ஏ பொண்ணே! அதைப் படிச்சுச் சொல்லு. கண்ணாடி எங்கே வச்சேன்னு தெரியல."

எனக்கு ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் படித்தேன். ஆணையத்தின் முத்திரை பெரிதாக, அழகாக விழுந்திருந்தது. "கண்டுபிடித்தவர்: ஸொப்ஹி. தொழில்: முஸம்மிம், மெதுவாக. முடிவு: இந்தக் கருவி எந்தப் பொருளையும் எந்த உயரத்துக்கும் ஏற்றத் தகுதியற்றது."

மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பேரு போட்டிருக்கா?" என்று ஸொப்ஹி கேட்டார்.

"போட்டிருக்கு," என்றேன்.

"முத்திரையும் இருக்கா?"

"இருக்கு."

"சரி, சரி. தக்காளி நசுங்காம வை!" என்று கத்தினாள் இன்ஷிராஹ்.

கடிதத்தை மடிக்காமல் தக்காளியின்மேல் வைத்தேன். அவள் ஒரு விரலால் இழுத்திருப்பாள். கூடை சாயாமல், ஆடாமல் என் ஜன்னலைக் கடந்து மேலே போயிற்று.